யார் கொடுத்த சொல்?

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கணக்குப் புஸ்தகம் ஒன்று கிடக்கிறது. சிவப்புத் துணி ஒட்டிய நீள அட்டை, பூச்சி அரித்த ஓரங்கள். மளிகைக் கணக்கு, பால் கணக்கு, ஆள் கூலி எல்லாம் அதில்தான். ஒரு பக்கத்தில் "காப்பிக்கொட்டை 2 எல்.பி." என்று எழுதியிருக்கிறார். அந்த எல்.பி. மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிறது. தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடைக்காரன் எழுதியதைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறார். ஆனால் படிக்கும்போது, "ரெண்டு ராத்தல்" என்றுதான் படிப்பாராம்.

எல்.பி. என்பது 'லிப்ரா' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். இங்கிலீஷ்காரனும் அதை எழுதிவிட்டு, 'பவுண்டு' என்று வேறொரு சொல்லைத்தான் படித்தான். ராத்தல் என்பதோ அரபு தேசத்திலிருந்து வந்த சொல். ஆக, ரோமாபுரிக்காரன் சொன்னதை வெள்ளைக்காரன் எழுத, அரபிக்காரன் கொடுத்த சொல்லால் அதை ஒரு தமிழர் படித்து, பாட்டி காப்பி போட்டிருக்கிறாள். காப்பியின் ருசி இதனால் கொஞ்சமும் குறைந்திருக்காது.

இந்த எல்.பி. எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பழைய மெசபொடேமியாவைப் பற்றி ஒரு புஸ்தகம் கைக்குக் கிடைத்துப் படிக்க ஆரம்பித்த பிறகு வேடிக்கை போய்விட்டது. அங்கே ஒரு பெரிய நாகரிகமே இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இப்படித்தான் நடந்திருக்கிறது. எழுதுவது ஒரு பாஷை, படிப்பது ஒரு பாஷை.

நான் சரித்திர பண்டிதன் அல்லன். கதை எழுதுகிறவன். ஆனாலும் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் என் சங்கடம் இதில்தான் பிறந்தது.

டைக்ரிஸ், யூப்ரட்டீஸ் என்ற இரண்டு நதிகளுக்கிடையே, இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், சுமேரியர் என்ற ஜனங்கள் இருந்தார்கள். அவர்கள் பேசிய பாஷைக்கு உலகத்தில் உறவு என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய பாஷை ஒன்றுகூடக் கிடையாது. ஊருக் என்ற அவர்களுடைய நகரத்தில், கி.மு. 3300-ஐ ஒட்டி, ஈரக் களிமண் பலகையில் குறி கீறும் வழக்கம் உண்டாயிற்று. பிற்பாடு நாணல் குச்சியை அழுத்தி, ஆப்பு ஆப்பாகப் பதிய வைத்தார்கள். அதனால்தான் அதற்கு ஆப்பெழுத்து என்று பெயர். எழுத்தைக் கண்டுபிடித்தவுடன் மனிதன் கவிதை எழுதினான் என்று நினைக்க எனக்கு ஆசைதான். ஆனால் கிடைத்திருக்கும் மிகப் பழைய பலகைகளில் பெரும்பாலானவை கணக்கு: இத்தனை வாற்கோதுமை, இத்தனை ஆடு, இத்தனை குடம் பீர். தாத்தாவின் சிவப்பு அட்டைக்கு மூதாதை அது.

சுமேரியருக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் வடக்கே, அக்கேடியர் இருந்தார்கள். அவர்களுடைய பாஷை அரபு, ஹீப்ரு இவற்றின் இனம். சுமேரிய பாஷைக்கும் அதற்கும் பிறப்பால் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்களிடம் எழுத்து இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். கி.மு. 24-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சார்கோன் என்ற அக்கேடிய அரசன் சுமேரிய நகரங்களை ஜயித்து ராஜ்யம் அமைத்தபோது, வென்றவனுடைய எழுத்து தோற்றவனுடைய எழுத்தாகவே இருந்தது.

எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் கவனிக்கவேண்டும். சுமேரிய பாஷையில் 'லு' என்றால் மனிதன், 'கல்' என்றால் பெரிய. இரண்டும் சேர்ந்தால் 'லுகல்': பெரிய மனிதன், அதாவது ராஜா. அக்கேடிய எழுத்தன் அந்தக் குறியை அப்படியே பதித்துவிட்டு, தன் பாஷையில் 'ஷர்ரும்' என்று படித்தான். 'எ' என்ற குறி வீடு. அவன் படித்தது 'பீத்தும்'. நட்சத்திரம்போல ஒரு குறி உண்டு. சுமேரியருக்கு அது 'அன்' என்றால் ஆகாயம், 'திங்கிர்' என்றால் தெய்வம். அக்கேடியன் அதையே 'ஷமூ' என்று ஆகாயமாகவும் 'இலும்' என்று தெய்வமாகவும் படித்தான். எப்போது எது என்று குழம்பாமல் இருக்க, குறிக்குப் பின்னால் தன் சொல்லின் கடைசி அசையை ஒட்டுவான். தெய்வக் குறி போட்டு 'லும்' என்று சேர்த்தால் 'இலும்' என்று கண்டுகொள்ளவேண்டும். பரீட்சைக்குப் போகும் பையனுக்கு நண்பன் ஜன்னல் வழியாக வாயசைத்துக் காட்டுகிற மாதிரி.

இதோடு விடவில்லை. அதே குறிகளை வெறும் ஓசைக்காகவும் உபயோகித்தார்கள். அக்கேடியன் எதையும் அசை அசையாகத் தன் பாஷையிலேயே எழுதியிருக்கலாம். எழுதவும் செய்தான். இன்றைய துருக்கியில் உள்ள கூல்டெபெ என்ற இடத்தில், கி.மு. 19-ஆம் நூற்றாண்டை ஒட்டி வியாபாரம் செய்த அசீரிய வணிகர்களின் பலகைகள் 20,000-த்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவர்கள் மொத்தத்தில் கொஞ்சம் குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் ஓசைப்படியே எழுதினார்கள். ஊரில் இருந்த மனைவிமார்களின் கடிதங்களும் அவற்றில் உண்டு: அனுப்பிய துணிக்குப் பணம் வரவில்லை, வீட்டில் தானியம் இல்லை என்று. வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் செத்த பாஷையின் குறி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. சகுன சாஸ்திரம், வைத்தியம், ஜோதிடம் என்று பெரிய விஷயங்களுக்குப் போனால்தான் பக்கம் முழுவதும் சுமேரியக் குறியாக நிறைந்துவிடும். இது எந்த தேசத்திலும் உள்ள வழக்கம்தான் போலிருக்கிறது. நம்முடைய டாக்டர் மருந்துச் சீட்டை எழுதும்போது, நமக்குப் புரியக்கூடாது என்பதில் எவ்வளவு சிரத்தை காட்டுகிறார்!

கி.மு. 2004-ஐ ஒட்டி ஊர் என்ற நகரத்தின் கடைசிச் சுமேரிய ராஜ்யம் எலாமியர் படையெடுப்பில் விழுந்தது. அதையடுத்த இரண்டொரு நூற்றாண்டுக்குள் வீட்டிலும் தெருவிலும் சுமேரிய பாஷை பேசுகிறவர்களே இல்லாமல் போய்விட்டார்கள். ஆனால் குறிகள் சாகவில்லை. கடைசி ஆப்பெழுத்துப் பலகைகள் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியைச் சேர்ந்தவை, வானசாஸ்திரக் குறிப்புகள். அவற்றிலும் சுமேரியக் குறிகள் இருக்கின்றன. தாயின் மடியில் அந்தப் பாஷையைக் கற்ற கடைசிக் குழந்தை இறந்து பதினெட்டு நூற்றாண்டு ஆகியிருக்கும்.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றிய கேள்வி இதுதான். கொடுத்தவன் செத்துப்போய்விட்டான். வாங்கியவனுக்கும் வாங்கினோம் என்ற நினைவு இல்லை. குறியைப் பார்த்தால் தன் சொல்தான் வாயில் வருகிறது. அப்படியானால் கடன் என்று ஒன்று இருக்கிறதா?

இல்லை என்று சொல்லலாம். சொல் என்பது பணம் அல்லவே. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கில் வெளிச்சம் குறைவதில்லை. அக்கேடியன் 'லுகல்' என்று எழுதியதால் சுமேரியனுக்கு ஒரு படி கோதுமைகூட நஷ்டமில்லை. என் நண்பர் ஒருவர், வக்கீல், இதையே இன்னும் அழகாகச் சொன்னார்: நஷ்டப்பட்டவன் இல்லாமல் வழக்கே கிடையாது, ஐயா, வாதி இல்லாத கேஸை எந்தக் கோர்ட்டிலும் எடுக்கமாட்டார்கள்.

எனக்கு அது சமாதானமாக இல்லை. அக்கேடியர்களுக்கே அது சமாதானமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

அவர்கள் பள்ளிக்கூடங்களில் சொற்பட்டியல் வைத்திருந்தார்கள். இடப்பக்கம் சுமேரியச் சொல், வலப்பக்கம் அதற்கான அக்கேடியச் சொல். மரச் சாமான், நாணல் சாமான், மண்பாண்டம், தோல், ஆடு மாடு, மீன், பறவை, ஊர்ப் பெயர், சாப்பாடு என்று உலகத்திலுள்ள சகலத்தையும் இரண்டு வரிசையில் அடுக்கிவிட்டார்கள். அந்தப் பெரிய பட்டியல் 24 பலகை கொண்டது. அந்தக் காலத்தில் நூலுக்குத் தனிப் பெயர் வைக்கமாட்டார்கள். முதல் வரியே பெயர். இந்தப் பட்டியலின் முதல் வரி: 'உர்ரா' என்ற சுமேரியச் சொல்லும், 'ஹுபுல்லு' என்ற அக்கேடியச் சொல்லும். இரண்டுக்கும் அர்த்தம், வட்டிக்கு வாங்கிய கடன்.

வேண்டுமென்று செய்ததாக இருக்காது. பட்டியலின் முதல் பகுதியில் கொடுக்கல் வாங்கல் வார்த்தைகள் வருவதால் அது முதலில் நிற்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும், இரவல் வாங்கிய ஓர் எழுத்தின் மிகப் பெரிய அகராதி 'கடன்' என்ற சொல்லோடு ஆரம்பிக்கிறது என்பதைப் படித்ததும் நான் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கேடியன் மறக்கவில்லை. இரண்டு வரிசையையும் காப்பாற்றினான். பாஷை செத்துப் பல நூற்றாண்டு ஆன பிறகும், இடப்பக்கத்து வரிசையை அழித்துவிட்டு எல்லாம் நம்முடையதே என்று சொல்லிக்கொள்ளவில்லை. பிள்ளைகளை அடித்தாவது அதைக் கற்பித்தான். அடித்து என்பது பேச்சுக்காகச் சொன்னதல்ல. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் தன் கதையைச் சொல்வதுபோல ஒரு சுமேரிய நூல் உண்டு. சாமுவேல் கிராமர் என்ற அறிஞர் அதை 1949-ல் வெளியிட்டார். அந்தப் பையன் ஒரு நாளில் எத்தனை பேரிடம் அடி வாங்குகிறான்! நேரம் கழித்து வந்ததற்கு, பேசியதற்கு, எழுந்து நின்றதற்கு, கையெழுத்து சரியில்லாததற்கு. சுமேரியத்தில் பேசாமல் போனதற்கும் ஓர் அடி. கடைசியில் பையன் அப்பாவிடம் சொல்ல, அப்பா வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்துப் புது உடுப்பும் மோதிரமும் கொடுக்க, வாத்தியாருக்குப் பையனிடம் திடீரென்று அபாரமான புத்தி தெரிய ஆரம்பிக்கிறது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்பில் தமிழ் பேசினால் நாலணா அபராதம். எங்கள் அப்பாவுக்கு மோதிரம் கொடுக்கும் சக்தி இல்லாததால் என் புத்தி கடைசிவரை தெரியாமலே போயிற்று.

கடனை அடியோடு மறுத்தவர்கள் பிற்காலத்தவர்கள். அதுவும் ரொம்பப் பிற்காலம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆப்பெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட ஐரோப்பியர்கள், முதலில் அக்கேடிய பாஷையைத்தான் கண்டார்கள். சுமேரியர் என்று ஒரு ஜாதியார் இருந்ததே யாருக்கும் தெரியாது. எட்வர்ட் ஹிங்க்ஸ் என்ற அயர்லாந்துப் பாதிரியாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாயைக் குறிக்கும் குறிக்கு 'கா' என்ற ஓசை இருக்கிறது. ஆனால் இந்தப் பாஷையில் வாய்க்குச் சொல் 'பூ'. வீட்டுக் குறிக்கு 'எ' என்ற ஓசை, சொல்லோ 'பீத்து'. இந்த எழுத்தைக் கண்டுபிடித்தவர்கள் இந்தப் பாஷைக்காரர்களாக இருந்தால், வாய்க் குறிக்குப் 'பூ' என்றல்லவா ஓசை வந்திருக்கவேண்டும்? ஆகவே இது வேறு யாரோ கொடுத்த எழுத்து. சட்டை நன்றாக இருக்கிறது, ஆனால் தோளில் பொருந்தவில்லை. அண்ணன் சட்டையாகத்தான் இருக்கவேண்டும் என்று கண்டுகொள்வது போல. 1850-ல் அவர் இதைச் சொன்னார். 1869-ல் ஜூல் ஒப்பேர் என்பவர் அந்த முகம் தெரியாத ஜனங்களுக்குச் சுமேரியர் என்ற பெயரைச் சொன்னார்.

1874-ல் பாரிஸில் ஜோசப் ஹலேவி என்ற பெரிய அறிஞர் எழுந்தார். சுமேரியர் என்று யாருமே இல்லை, சுமேரிய பாஷை என்று ஒரு பாஷையே இல்லை, அது அக்கேடியப் பூசாரிகள் தங்களுக்குள் ரகசியமாக வைத்துக்கொண்ட சங்கேத எழுத்து என்றார். பல வருஷங்கள் விடாமல் வாதாடினார். அவர் கட்சியில் சேர்ந்தவர்களும் சாமானியர்கள் அல்லர். எதிர்க்கட்சியில் இருந்த எல்லோரும் நியாயவான்கள் என்று சொல்வதற்கும் இல்லை. அந்த விவாதத்தில் இனத் துவேஷம் நிறையக் கலந்திருந்தது. யூதருடைய இனத்தார் எழுத்தைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்று ஏளனம் செய்தவர்களின் கையில் பாவம் சுமேரியர் ஒரு தடியாகப் பயன்பட்டார்கள். ஹலேவி யூதர். அவருடைய பிடிவாதத்தில் காயத்தின் வலியும் கொஞ்சம் இருந்திருக்கலாம். மனிதன் தப்பான கட்சி பேசும்போதுகூட அவனுக்குள் ஏதாவது ஒரு நியாயம் எரிந்துகொண்டிருக்கிறது. கதை எழுதுகிறவன் இதை மறக்கக்கூடாது.

1877-ல் தெல்லோ என்ற இடத்தில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார்கள். கரும்பாறையில் செதுக்கிய சிலைகள் கிடைத்தன. கைகூப்பி உட்கார்ந்திருக்கும் குதேயா என்ற அரசன், அவன் மடியிலும் முதுகிலும் நெடுகச் சுமேரியத்திலேயே எழுத்து. சங்கேதத்தில் இவ்வளவு நீளமாக யாரும் பிரார்த்தனை செய்யமாட்டார்கள். மெதுவாக, வேண்டாவெறுப்பாக, உலகம் சுமேரியரை ஒப்புக்கொண்டது.

(ஒப்புக்கொண்டதும் நம்மவர்கள் சிலர் சுமேரியரே தமிழர் என்று ஆரம்பித்துவிட்டார்கள். சுமேரியத்தில் 'அம' என்றால் தாய் என்பது வாஸ்தவம்தான். குழந்தை வாய் எந்த தேசத்திலும் முதலில் 'மா' என்றுதான் திறக்கிறது. கடன் கொடுத்தவன் செத்துப்போய்விட்டான் என்று தெரிந்ததும், நான்தான் அவன் வாரிசு என்று கோர்ட்டில் வந்து நிற்பதும் கடனை மறுப்பதும் எனக்கு ஒரே மாதிரியாகத்தான் படுகிறது.)

இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல கதை. வாங்கியவன் நன்றி மறக்காதவன், மறுத்தவன் தோற்றான், உண்மை வென்றது என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தக் குறிகளுக்குள்ளேயே வேறொன்று இருக்கிறது.

சுமேரியத்தில் 'குர்' என்ற குறி மூன்று குன்றுகள். மலை என்று அர்த்தம். அந்நிய நாடு என்றும் அர்த்தம். மலையே இல்லாத வண்டல் பூமிக்காரனுக்கு, கிழக்கே தெரிகிற மலைதான் அந்நியம். அந்தக் குறியை ஆண் என்ற குறியோடு சேர்த்தால், அடிமை. பெண் என்ற குறியோடு சேர்த்தால் 'கெமே', அடிமைப் பெண். மலைநாட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த பெண் என்பதுதான் அதற்குப் பொதுவாகச் சொல்லும் விளக்கம். ஊர் ராஜ்யத்துக் கணக்குப் பலகைகளில் இந்தக் குறி நூற்றுக்கணக்கில் வருகிறது. நெசவுக்கூடத்தில் இத்தனை பெண்கள், திரிகைக் கல்லில் மாவரைக்க இத்தனை பெண்கள், ஒருத்திக்கு மாதம் இத்தனை வாற்கோதுமை. ஆணுக்கு 60 அளவு என்றால் பெண்ணுக்குப் பெரும்பாலும் 30.

அக்கேடியன் இந்தக் குறியையும் வாங்கிக்கொண்டான். பதித்துவிட்டு 'அம்தும்' என்று படித்தான். அவன் சொல்லில் மலை இல்லை. ஹம்முராபி அரசன் கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டிய சட்டம் இப்போது பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஓசைப்படி எழுதிய அக்கேடியம்தான். ஆனால் 15-ஆம் விதி வந்ததும், அரண்மனை அடிமையையோ அடிமைப் பெண்ணையோ எவனாவது நகரவாசல் வழியாகத் தப்ப வைத்தால் அவனுக்கு மரண தண்டனை என்கிற அந்த இடத்தில், அடிமை என்ற சொற்களைச் சுமேரியக் குறியிலேயே வெட்டியிருக்கிறார்கள். உளி மலையைச் செதுக்குகிறது, வாய் மலையைச் சொல்லாமல் போகிறது. எந்த மலை, எந்தப் பெண், யார் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்ற கேள்வி படிக்கிறவன் காதில் விழ வழியே இல்லை.

இரவல் எழுத்தின் சௌகரியம் அது. எழுதியது நானல்ல என்று கை சொல்லும். அப்படிப் படிக்கவில்லையே என்று வாய் சொல்லும்.

இங்கேதான் என் வக்கீல் நண்பருக்குப் பதில் இருக்கிறது என்று நினைத்தேன். அக்கேடியன் சுமேரியனுடைய கடனை மறக்காமல் இரண்டு வரிசை எழுதி வைத்தான், சரி. சுமேரியன் பெரியவன், அவன் பெயரைச் சொல்வது வாங்கியவனுக்குக் கௌரவம். அசூர்பானிபால் என்ற அசீரியச் சக்கரவர்த்தி, கடினமான சுமேரியமெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியும் என்று கல்வெட்டில் பெருமையடித்துக்கொண்டான். ஆனால் அந்த மலைப் பெண்ணும்தான் கொடுத்தாள். அவளிடமிருந்துதான் ஒரு குறியே பிறந்தது. அவள் என்ன பாஷை பேசினாள், தன்னை எப்படிச் சொல்லிக்கொண்டாள் என்பதற்கு மூன்றாவது வரிசை எந்தப் பலகையிலும் இல்லை.

அதற்காகக் குறிகள் எல்லாமே இப்படி வாயடைப்பவை என்று சொல்லமாட்டேன். சில சமயம் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அக்கேடியரிடமிருந்து இந்த எழுத்தை ஹிட்டைட் ஜனங்கள் இரண்டாம் கையாக வாங்கினார்கள். சுமேரியக் குறியையும் அக்கேடியச் சொல்லையும் எழுதிவிட்டுத் தங்கள் பாஷையில் படித்தார்கள். அவர்களும் போனார்கள், பாஷையும் போயிற்று. 1915-ல் பெட்ரிஷ் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர் அந்தப் பலகைகளை வைத்துக்கொண்டு திண்டாடியபோது, ஒரு வரியில் ரொட்டியைக் குறிக்கும் சுமேரியக் குறி கண்ணில் பட்டது. ரொட்டி இருந்தால் பக்கத்தில் தின்பது இருக்கவேண்டும். இன்னும் கொஞ்சம் தள்ளி 'வாதர்' என்று ஒரு சொல், தண்ணீராகத்தான் இருக்கவேண்டும். கதவு திறந்துவிட்டது. சுமேரியன் போட்ட ஒரு ரொட்டி, ஆயிரக்கணக்கான வருஷம் கழித்து, அவன் கேள்விப்படாத ஒரு ஜனத்துக்கு வாயைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அதே சமயம், ஹிட்டைட் எழுத்தன் எண்களை எப்போதும் கோடு போட்டே எழுதிவிட்டதால், அவற்றில் பலவற்றை அவன் வாயால் எப்படிச் சொன்னான் என்பது இன்றுவரை புதிர். தெருவில் நாள் முழுவதும் கேட்டிருக்கக்கூடிய சொல்!

என் சங்கடம் என்று முதலில் சொன்னேன். அதைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

என் முதல் நாவலில் ஒரு தாய் வருகிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவள் சொல்லும் ஒரு வாக்கியத்தை வாசகர்கள் ரொம்பவும் மெச்சினார்கள். கடிதங்களில் எழுதினார்கள், மேடைகளில் எடுத்துச் சொன்னார்கள். "அழுதா தாகம் எடுக்குது கண்ணு. தண்ணிக்கு யாரு போறது? அதான் அழறதை விட்டுட்டேன்." இதுதான் அந்த வாக்கியம். ஒரு விமரிசகர், இந்த ஒரு வரிக்காக மற்றப் பக்கங்களை மன்னிக்கலாம் என்று எழுதினார். மற்றப் பக்கங்களை எழுதியவன் நான்.

சின்ன வயசில் எங்கள் வீட்டுக்குக் கல்லுரலில் மாவாட்ட ஒரு கிழவி வருவாள். ஒரே பிள்ளை கிணறு வெட்டும்போது மண் சரிந்து போய்விட்டான். ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஊறிய அரிசியைத் தின்றுகொண்டே, "பாட்டி, நீ ஏன் அழறதே இல்லை?" என்று கேட்டேன். குழந்தைகளுக்குத்தான் அந்த தைரியம் வரும். குழவியைச் சுற்றிக்கொண்டே அவள் சொன்ன பதில் அது. ஓர் எழுத்து நான் மாற்றவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "சார், அந்த வரி உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டாள். நான் கொஞ்சம் யோசிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, "அது தானாக வந்தது, அம்மா" என்றேன். கை தட்டினார்கள்.

அதே நாவலில் இரண்டு இடத்தில் பெரிய கவிகளின் வரிகளை எடுத்துக் கையாண்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் கவியின் பெயரைப் போட்டிருக்கிறேன். அதைப் போடுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. கடனை ஒப்புக்கொள்ளத் தெரியாதவன் அல்ல நான். யாரிடம் வாங்கினேன் என்று சொன்னால் என் மதிப்பு உயருமோ, அவர்களிடம் வாங்கியதை மட்டும் ஒப்புக்கொள்ளத் தெரிந்தவன்.

அவளுக்கு இதனால் என்ன நஷ்டம் என்று கேட்டால் ஒன்றுமில்லை. அவள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருந்திருந்தாலும் நாவலைப் படித்திருக்கமாட்டாள்; நான் படித்துக் காட்டியிருந்தால், "இதைப் போயா எழுதினே?" என்று சிரித்திருப்பாள். ஆனாலும் நான் அந்தக் கூட்டத்தில் சொன்னது பொய். பொய்யால் நஷ்டப்பட்டவர் யாரென்று தேடிப் பார்த்தால், கை தட்டிய அந்தப் பெண்கூட இல்லை. அவளுக்கும் வாக்கியம் கிடைத்துவிட்டது. இத்தனை சாதகமான கேஸ் எனக்கு இன்னொன்று கிடைக்கப்போவதில்லை. இருந்தும் ராத்திரி படுத்தால் குழவி சுற்றும் சத்தம் கேட்கிறது.

போன மாதம் பிரசுரகர்த்தர் அந்த நாவலைப் புதிதாக அச்சுப்போடுவதாகவும், முன்னுரையில் ஏதாவது சேர்க்கவேண்டுமானால் சேர்க்கலாம் என்றும் எழுதினார். உட்கார்ந்து இரண்டு வரி எழுதினேன். பெயர் வரவேண்டிய இடத்தில் பேனா நின்றது. உள்ளே போய் அம்மாவைக் கேட்டேன்.

"ஏம்மா, நம்ம வீட்டுக்கு மாவாட்ட வருமே ஒரு பாட்டி, அது பேரு என்னம்மா?"

அம்மா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து, ரொம்ப நேரம் யோசித்தாள்.

"மாவாட்டற பாட்டின்னுதாண்டா சொல்வோம். அதுக்கு முன்னாடி மாவாட்டற அம்மா. நான் இந்த வீட்டுக்கு வந்தப்பவே வந்துண்டிருந்தா. பேரு..." என்று சொல்லிவிட்டு, "உங்க தாத்தா கணக்கிலே இருக்கும் பாரு, எல்லாத்தையும் எழுதி வெச்சிருப்பார்" என்றாள்.

பரணில் ஏறி எடுத்தேன். ஆள் கூலிப் பக்கத்தைப் புரட்டினேன். இருக்கத்தான் இருந்தது. "மா. கிழ. — நெல் 2 படி" என்று மாதத்துக்கு நாலு தடவை, வருஷக்கணக்கில். முன்பக்கங்களில் "மா. பொம். — நெல் 2 படி." அது இவள்தானா, இவளுக்கு முன் வந்த வேறொருத்தியா என்று அதிலிருந்து சொல்ல முடியவில்லை.